மலைக்குளிரும் குடுவைச் செடியும்

நெய்யாறு கடலோடு கலக்கும் பூவாரில், மலைநாட்டுக் குடுவைச் செடி வளருமா? ஆராய்வோம்.

பூச்சியுண்ணும் இச்செடி சத்துக் குறைந்த மண்ணில் வாழ்வது. இலைக்குடுவையில் விழும் பூச்சியிலிருந்தே தழைச்சத்தைப் பெறுகிறது. ஆகவே மண்ணில் உரம் இடலாகாது, உப்புநீரும் ஆகாது, மழைநீரே ஏற்றது.

போர்னியோவின் கினபாலு மலையில் 1,500 மீட்டருக்கு மேல் வளர்வது நெபந்திஸ் ராஜா. பகலில் ஒளியால் சமைத்த உணவில் ஒரு பகுதியைச் செடி இரவில் சுவாசித்துச் செலவிடுகிறது. இரவு வெம்மையானால் செலவு மிகும், வளர்ச்சி குன்றும், குடுவையும் தோன்றாது. பூவாரில் ஒளி உண்டு, ஈரம் உண்டு, இரவுக்குளிர்தான் இல்லை. எனவே கண்ணாடிப் பெட்டியில் வைத்து, இரவில் ஏறக்குறைய 15 பாகை செல்சியசுக்குக் குளிர்விக்க வேண்டும். குளிர்பொறி காற்றின் ஈரத்தை உறிஞ்சுமாதலால் நீர்த்தூவியும், காற்று தேங்காதிருக்கச் சிறு விசிறியும் தேவை. மின்சாரம் நின்றால் மலையும் மறைந்துவிடும்!

மாணவருக்கு எளிய வழி உண்டா? உண்டு. மேகாலயத்து நெபந்திஸ் காசியானா வெம்மையை ஓரளவு தாங்கும். நம் பாலோட்டுத் தாவரவியல் பூங்கா ஆய்வாளரே, அதன் குடுவை விளிம்பு புறஊதா ஒளியில் நீலமாய் ஒளிர்வதை 2013-இல் வெளியிட்டனர்.

இவ்விரண்டும் அழிவை நோக்குபவை. காட்டிலிருந்து பறிக்கப்பட்டதை வாங்காதீர். முறைப்படி வளர்க்கப்பட்ட கன்றையே நாடுங்கள். செடியைக் காப்பவனே செடியைக் கற்றவன்.