நிலைவேகக் கட்டுப்பாடும் மின்பழுதும்

மோட்டார் தொழிலில் பெங்களூருக்குத் தனியிடம் உண்டு. 1951-ல் தொடங்கப்பெற்ற மைக்கோ நிறுவனம், நீலசந்திராவுக்கு அருகிலுள்ள ஆடுகோடியில் டீசல் பம்புகளையும் ஸ்பார்க் பிளக்குகளையும் உற்பத்தி செய்துவந்தது. அக்காலத்து மெக்கானிக்கின் முதன்மைக் கருவி ஸ்பானர். இன்று அதனோடு மல்டிமீட்டரும் இன்றியமையாததாகிவிட்டது. 'குரூஸ் கண்ட்ரோல்' எனப்படும் நிலைவேகக் கட்டுப்பாடு இதற்கு நல்ல சான்று.

சிறுவயதிலேயே பார்வை இழந்த அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர் கண்ட இவ்வமைப்பு, 1958-ல் கிரைஸ்லர் கார்களில் இடம்பெற்றது. இன்றைய கார்களில் இதை இயக்குவது மின்னணுக் கட்டுப்பாட்டகம். ஸ்டியரிங் பொத்தான், வேக உணர்கருவி, பிரேக், கிளச் சுவிட்சுகள் ஆகியவற்றின் செய்திகளுள் ஒன்று பிழைபட்டாலும் அது இயங்க மறுக்கும். இது பாதுகாப்புக்கான ஏற்பாடே.

சோதிக்கும் முறை

பல கார்களில் மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகத்தில் இவ்வமைப்பு செயற்படாது. ஆகவே நகரின் நெரிசலில் 'வேலை செய்யவில்லை' என்பது பழுதாகாமலும் இருக்கலாம்.

அடுத்து ப்யூஸைச் சோதித்து, ஸ்கேனர் மூலம் பழுதுக் குறியீட்டைப் படிக்க வேண்டும். பி0571 பிரேக் சுவிட்ச் மின்சுற்றையும், பி0500 வேக உணர்கருவியின் சுற்றையும் குறிக்கும். ஆனால் குறியீடு சுட்டுவது சுற்றையே; கெட்டுப்போன உறுப்பை அன்று. அதை நம்பி உடனே புதிய உறுப்பை வாங்குவது வாடிக்கையாளருக்கு வீண்செலவு.

பிரேக் சுவிட்சே முதல் ஐயத்துக்குரியது. பெரும்பாலான கார்களில் அதனுள் இரண்டு தொடர்புகள் உள்ளன. மிதியை அழுத்தும்போது ஒன்று இணைந்து விளக்கை எரியச் செய்யும், மற்றொன்று பிரியும். எனவே விளக்கு எரிவதை மட்டும் கொண்டு சுவிட்ச் நலமென்று முடிவு செய்தலாகாது. விளக்கே எரியாவிடில் பின்வரும் வண்டிக்கு எச்சரிக்கை இல்லை. அதனை உடனே சீர்செய்தாக வேண்டும்.

ஹாரனும் ஒலிக்காமல், ஏர்பேக் எச்சரிக்கை விளக்கும் எரிந்தால், ஸ்டியரிங்கினுள் சுருண்டுள்ள நாடா இணைப்பு அறுந்திருக்கக்கூடும். ஏர்பேக்கின் மஞ்சள் நிற இணைப்புகளில் மல்டிமீட்டரை வைத்தல் ஆபத்து. ஏர்பேக் வெடித்து விரியக்கூடும். பாட்டரியைக் கழற்றி, தயாரிப்பாளர் குறித்த நேரம் காத்திருந்த பின்னரே அப்பகுதியைத் திறக்க வேண்டும்.

எர்த் இணைப்பின் சோதனை

பழகிய கைகளையும் ஏமாற்றுவது எர்த் இணைப்பு. பல இழைகள் கொண்ட கம்பியில் ஓரிழை மட்டும் எஞ்சியிருந்தாலும், மின்னோட்டமற்ற நிலையில் மீட்டர் 'தொடர்பு உண்டு' என்றே காட்டும். சுற்று இயங்கும்போது எர்த் முனைக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே மின்னழுத்தத்தை அளத்தலே சரியான வழி. 0.2 வோல்ட்டுக்கு மேற்பட்டால் துரு, தளர்ச்சி, அறுந்த இழை ஆகியவற்றைத் தேட வேண்டும்.

ஊகித்து உறுப்புகளை மாற்றாமல் அளந்து அறியும் பட்டறைக்கே வாடிக்கையாளரின் நம்பிக்கை நிலைக்கும். தொழிற்பயிற்சி நிலையங்கள் இப்பழக்கத்தை இளைஞர்களிடம் வளர்த்தால், நீலசந்திரா போன்ற பகுதிகளின் சிறு பட்டறைகளும் புதிய தொழில்நுட்பத்தால் பின்தங்காமல் பயனுறும்.