பெரிய இலை என்றால் உயர்ந்த தேயிலையா?

டீத்தூள் வாங்கிப் பழகிய வீட்டுக்குள் இலைத் தேயிலை நுழையும்போது, கூடவே சில நம்பிக்கைகளும் வந்துவிடுகின்றன. ஆசையாக வாங்கிய பாக்கெட், 'ஸ்ட்ராங்காவே இல்லை' என்ற ஒரு சொல்லோடு அலமாரியின் மூலைக்குப் போய்விடுகிறது. பெரும்பாலும் குற்றம் இலையில் இருப்பதில்லை. அதைத் தேர்ந்தெடுத்த விதத்திலும் போட்ட விதத்திலும்தான் இருக்கிறது.

நம்பிக்கை: பெரிய இலை உசத்தி, டஸ்ட் என்பது கழிவு.

புதிதாக வாங்குபவரை அதிகம் தடுமாற வைப்பது இதுதான். பாக்கெட்டின் மேல் இருக்கும் ஓ.பி., பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப். போன்ற எழுத்துகள் முக்கியமாக இலையின் அளவையும் தோற்றத்தையும் குறிக்கின்றன. தொழிற்சாலையில் சல்லடையில் சலித்துப் பிரிக்கும்போது கிடைக்கும் பெயர்கள் அவை. ஓ.பி. என்றால் ஆரஞ்சு பீக்கோ, பி.ஓ.பி. என்றால் அதன் உடைத்த ரகம். ஆனால் ஆரஞ்சு பீக்கோவில் ஆரஞ்சுப் பழம் கிடையாது. டஸ்ட் என்பதும் அப்படி ஓர் அளவுதான், தரையில் பெருக்கி அள்ளியது அல்ல. பொடி என்பதால் சாறு சட்டென்று இறங்கும், ஒரு கரண்டிக்கு நிறைய கோப்பை வரும். டீக்கடைக்கு அதுதான் வேண்டும்.

இலங்கைத் தேயிலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 600 மீட்டர் உயரத்துக்குள் விளைவது தாழ்நிலத் தேயிலை, 1,200 மீட்டருக்கு மேலே விளைவது உயர்நிலத் தேயிலை. நீண்டு முறுகிய ஓ.பி., ஓ.பி.1 ரகங்கள் பெரும்பாலும் தாழ்நிலமான ருகுணு, சபரகமுவ பக்கத்திலிருந்து வருகின்றன. கறுத்த இலை, அழுத்தமான சுவை. மலை உச்சியில் இருக்கும் நுவரெலியாவிலும் திம்புள்ளயிலும் உடைத்த பி.ஓ.பி. ரகங்களே அதிகம். இலையின் நீளத்தை மட்டும் பார்ப்பவர், மென்மணத்துக்குப் பேர்போன நுவரெலியாத் தேயிலையைச் சின்ன இலை என்று ஒதுக்கிவிடுவார். எவ்வளவு பெரிய இழப்பு!

ஆகவே எழுத்துகளைவிட முதலில் ஊரையும் பருவத்தையும் படியுங்கள். இலங்கையின் ஊவாவுக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை நல்ல காலம், திம்புள்ளவுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. நீலகிரியில் டிசம்பர் பிறந்து குளிர் இறங்கியதும் கொழுந்து மெதுவாக வளர்கிறது, மணம் கூடுகிறது. டார்ஜிலிங்கின் முதல் பறிப்பு வசந்தத்தில் வரும், மே, ஜூனில் வரும் இரண்டாவது பறிப்பின் சுவையே வேறு. ஊர், பருவம், பாக்கெட் போட்ட தேதி எதையும் சொல்லாமல் 'பிரீமியம்' என்று மட்டும் அச்சிட்டிருந்தால் நான் அதை வாங்கமாட்டேன்.

நம்பிக்கை: நிறம் இறங்கினால்தான் நல்ல டீ.

1930களில் அஸ்ஸாமில் உருவான சி.டி.சி. முறையில் இலையை நசுக்கி, கிழித்து, குருணையாகச் சுருட்டுகிறார்கள். பாலையும் சர்க்கரையையும் தாங்கும் அடர்நிறம் அதிலிருந்துதான் வருகிறது. இலையை உருட்டி முறுக்கும் ஆர்த்தடாக்ஸ் முறையில் சாறு நிதானமாக இறங்கும், நிறமும் பெரும்பாலும் அதைவிட வெளிறியே இருக்கும். அது அதன் இயல்பு. நிறத்தின் மீதுள்ள இந்த மோகத்தைத்தான் சாயம் கலப்பவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். சந்தேகம் இருந்தால் வடிதாளில் கொஞ்சம் தேயிலையைப் பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். உடனே திட்டுத் திட்டாகச் சாயம் பிடித்தால் அந்தப் பாக்கெட் அடுப்படிக்கு ஆகாது.

நம்பிக்கை: நன்றாகக் கொதித்தால்தான் சாரம் வரும்.

டஸ்ட் டீயில் படிந்த பழக்கம் இது. இலைத் தேயிலையைக் கொதிக்க வைத்தால் மணம் ஆவியோடு போய்விடும், துவர்ப்பு மட்டும் மிஞ்சும். தண்ணீரைக் கொதிக்க வைத்து, இலையின் மேல் ஊற்றி, மூடி, மூன்று நான்கு நிமிடத்தில் வடித்துவிடுங்கள். தேயிலையைச் சுவைத்து ஒப்பிட உலகத் தர நிர்ணய அமைப்பு வகுத்த அளவு 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம். கரண்டிக் கணக்கு இங்கே சரிவராது. முறுகிய பெரிய இலை ஒரு கரண்டி போட்டால் வரும் எடையைவிட, உடைத்த இலை ஒரு கரண்டியின் எடை அதிகம். ஒரு முறையாவது தராசில் நிறுத்துப் பாருங்கள். 'ஸ்ட்ராங்' வேண்டுமென்றால் இலையைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள்.

பால் சேர்ப்பது பாவமில்லை. அஸ்ஸாம், திம்புள்ள, ஊவா போன்றவற்றின் உடைத்த ரகங்கள் பாலுக்கு நன்றாக ஈடுகொடுக்கும். டார்ஜிலிங் முதல் பறிப்பில் ஊற்றினால் கொடுத்த காசுக்குப் பாலின் சுவைதான் கிடைக்கும்.

நம்பிக்கை: கிரீன் டீ வேறு செடி, அதில் காஃபின் இல்லை, கொழுப்பைக் கரைக்கும்.

மூன்றுமே தவறு. பச்சை, வெள்ளை, ஊலாங், கறுப்பு எல்லாம் ஒரே செடியின் இலைதான். பறித்தபின் பதப்படுத்தும் விதத்தில்தான் பிரிகின்றன. காஃபின் எல்லாவற்றிலும் உண்டு, இளமொட்டில் அது கூடுதலாகவே இருக்கும். உடல் எடையைப் பொறுத்தவரை, 2012இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கண்ட குறைவு பொருட்படுத்த முடியாத அளவு சிறியது. சுவைக்காகக் குடியுங்கள். கசக்கிறது என்பவர்கள், கொதித்த நீரை இரண்டு முறை ஆற்றி, 80 டிகிரி அளவுக்கு இறக்கி ஊற்றினால் போதும். ஆவாரம்பூவும் செம்பருத்தியும் தேயிலையே அல்ல, அவற்றில் காஃபினும் இல்லை.

முதல் முறை வாங்கும்போது கால் கிலோ வேண்டாம். நீலகிரி குளிர்காலத் தேயிலை, நுவரெலியா பி.ஓ.பி., ருகுணு ஓ.பி. என மூன்றிலும் சின்னப் பாக்கெட் எடுத்து, ஒரே தண்ணீரில், ஒரே எடையில், சர்க்கரை இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். பிடித்ததை மட்டும் அடுத்த முறை கூடுதலாக வாங்கலாம். இறுக மூடும் தகர டப்பாவில் போட்டு வையுங்கள். குளிர்பதனப் பெட்டியில் ஈரமும் குழம்பு வாசனையும் ஏறிவிடும். மசாலா டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாலும் அதே கதிதான்.