கட்டிய அபராதமும் கலையாத வாரண்டும்

எட்டு வருடத்துக்கு முந்தைய ஸ்பீடிங் டிக்கெட். அபராதம் கட்டியது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் பின்விளக்கு எரியவில்லை என்று வண்டியை ஓரங்கட்டச் சொன்ன போலீஸ்காரரின் லேப்டாப்பில் உங்கள் பெயருக்கு எதிரே கைது வாரண்ட் இருக்கிறது. அமெரிக்காவில் இது நடக்கக்கூடியதுதான். அங்கே கார் ஓட்டும் தமிழர்கள் பலர் இதைப் பற்றி வைத்திருக்கும் நம்பிக்கைகளில் பாதி தவறு, சில ஆபத்தானவை. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"பணம் கட்டியாச்சு, கேஸ் முடிஞ்சுது."

பணம் கட்டுவது வேறு, வழக்கு முடிவது வேறு. பல மாநிலங்களில் டிக்கெட் என்பது பில் இல்லை. இந்தத் தேதிக்குள் கட்டு, இல்லையென்றால் நீதிமன்றத்துக்கு வந்து பதில் சொல் என்ற அழைப்பு அது. தேதி தவறினால் நீதிபதி வாரண்ட் பிறப்பிக்கலாம். அதோடு 'வராமல் போனது' என்பதே தனிக் குற்றமாகப் பதிவாகலாம்; அதற்குத் தனி அபராதம். நீங்கள் மூன்று வாரம் தாமதமாகப் பழைய தொகையைக் கட்டியிருப்பீர்கள். அது முதல் குற்றச்சாட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இரண்டாவது குற்றச்சாட்டும் அதன் மேல் எழுந்த வாரண்டும் அப்படியே நிற்கும்.

தாமதக் கட்டணம் சேர்ந்தது தெரியாமல் பழைய தொகையை மட்டும் அனுப்பியவர்கள் உண்டு. வேறு நீதிமன்றத்துக்குக் கட்டியவர்களும் உண்டு. மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் கவுண்டியில் மட்டும் ஏறத்தாழ 80 சிற்றூர் நீதிமன்றங்கள் இருந்தன. ஒரே சாலையில் சில மைல் ஓட்டினால் நாலைந்து ஊர் எல்லையைத் தாண்டிவிடலாம். எந்த ஊர் போலீஸ் டிக்கெட் கொடுத்தது என்பதைச் சீட்டைக் கூர்ந்து படித்தால்தான் தெரியும். அடமானக் கடனை அடைத்தவர் பத்திரத்தைத் திரும்ப வாங்கி, வில்லங்கத்திலும் நீக்கிப் பதிந்தால்தான் நிம்மதியாகத் தூங்க முடியும். இதுவும் அப்படித்தான்.

"கட்டினது அவங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்."

இருக்கலாம். அந்தக் கம்ப்யூட்டரும் போலீஸ் பார்க்கும் கம்ப்யூட்டரும் ஒன்றல்ல என்பதுதான் சிக்கல். நீதிமன்றம் வாரண்டை ரத்து செய்தால் அந்தச் செய்தியை யாராவது ஒருவர் போலீஸுக்குச் சொல்ல வேண்டும். அங்கே ஒருவர் பதிவை நீக்க வேண்டும்.

அது நடக்காமல் போனால் என்ன ஆகும் என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1995-இல் தீர்மானித்திருக்கிறது. அரிசோனாவில் எவன்ஸ் என்பவர் சில போக்குவரத்துக் குற்றங்களுக்காக நீதிமன்றத்துக்கு வரவில்லை என்று 1990 டிசம்பர் 13-ஆம் தேதி வாரண்ட் போட்டார்கள். டிசம்பர் 19-ஆம் தேதி அவர் நேரில் வந்துவிட்டார். நீதிபதி கோப்பிலேயே வாரண்டை ரத்து செய்யும்படி குறித்தார். குறிப்பு கோப்போடு நின்றுவிட்டது. 17 நாள் கழித்து, 1991 ஜனவரி 5-ஆம் தேதி, ஃபீனிக்ஸ் நகரில் ஒருவழிப் பாதையில் எதிர்த் திசையில் வந்ததற்காகப் போலீஸ் அவரை நிறுத்தியது. கம்ப்யூட்டரில் வாரண்ட் இருந்தது. கைது செய்தார்கள். கையிலிருந்து விழுந்த சிகரெட்டில் கஞ்சா வாடை வீச, வண்டியைச் சோதித்தபோது கஞ்சா கிடைக்க, அதற்காக வழக்குத் தொடர்ந்தார்கள்.

ரத்தான வாரண்டை வைத்துக் கிடைத்த சாட்சியம் செல்லுமா என்பது கேள்வி. செல்லும் என்று 7-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. பிழை நீதிமன்ற ஊழியர்களுடையது, வாரண்டை நம்பிய போலீஸ்காரர் மேல் தவறில்லை என்பது அதன் சாரம். இப்படிப்பட்ட பிழை மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறைதான் நேரும் என்று தலைமை கிளார்க் சாட்சி சொன்னார். தேடிப் பார்த்தபோது அதே நாளில் இதே வகைப் பிழைகள் வேறு சிலவும் கிடைத்தன. தப்பு அவர்களுடையதுதான் என்று நிரூபிக்கலாம். ஆனால் அதன் விலை உங்கள் தலையில்தான் விழும்.

"இத்துனூண்டு அபராதத்துக்கெல்லாம் கைது பண்ண மாட்டாங்க."

பண்ணுவார்கள். டெக்சாஸின் லாகோ விஸ்டா ஊரில் 1997-இல் சீட் பெல்ட் போடவில்லை என்பதற்காக ஒரு தாயைக் கைவிலங்கு போட்டு அழைத்துப் போனார்கள். அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனையே 50 டாலர் அபராதம். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்துக்கும் கைது செய்யலாம், அரசியல் சாசனம் தடுக்கவில்லை என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாரண்டே இல்லாத நிலையில் இது. வாரண்ட் இருந்தால் போலீஸ்காரர் உங்கள் ரசீதைப் பார்த்து நம்பினாலும் விட்டுவிட வேண்டிய கட்டாயம் இல்லை.

இந்த விஷயத்தில் மிசௌரியின் ஃபெர்குசன் நகரத்தைப் பேசாமல் போக முடியாது. அப்போது சுமார் 21,000 பேர் வாழ்ந்த ஊர். 2014 டிசம்பர் கணக்குப்படி அந்த ஊர் நீதிமன்றம் போட்ட வாரண்ட் 16,000-க்கும் மேற்பட்டவர் பெயரில் நிலுவையில் இருந்தது. மத்திய அரசின் நீதித்துறை 2015-இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு பெண்ணின் வழக்கு வருகிறது. 2007-இல் ஒரே ஒரு தடவை தவறான இடத்தில் வண்டியை நிறுத்தினார். இரண்டு டிக்கெட், 151 டாலர் அபராதம், மேலே கட்டணங்கள். வறுமை, சில காலம் தங்க வீடும் இல்லை. தவணை தவறியபோதெல்லாம் புதுக் குற்றச்சாட்டு, புது வாரண்ட், புது அபராதம். இரண்டு முறை கைதானார். ஆறு நாள் சிறையில் இருந்தார். நடுவில் 25 டாலரும் 50 டாலரும் அனுப்பிப் பார்த்தார். முழுத் தொகை இல்லாமல் வாங்க மாட்டோம் என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. ஏழு வருடத்தில் 550 டாலர் கட்டி முடித்த பிறகும் அவர் பெயரில் 541 டாலர் பாக்கி நின்றது. 151 டாலர் கடனுக்கு 550 கட்டியவர் பாக்கிக்காரர் என்றால், அந்தக் கணக்கை நீதி என்று அழைக்க என்னால் முடியாது. அறிக்கை வெளிவந்த அதே ஆண்டு ஆகஸ்டில், 2014 முடிவதற்குள் போடப்பட்ட வாரண்டுகளை எல்லாம் புது நீதிபதி திரும்பப் பெற்றார்.

"பழைய கேஸ், காலாவதி ஆயிருக்கும். நானும் வேற மாநிலம் வந்துட்டேன்."

வழக்குத் தொடுக்கக் கால வரம்பு உண்டு. பிறப்பித்த வாரண்டுக்குப் பொதுவாக அது கிடையாது. நீதிபதி திரும்பப் பெறும்வரை உயிரோடு இருக்கும். டிக்கெட்டுக்காக ஒரு மாநிலம் ஆளனுப்பி உங்களைப் பிடித்துக்கொண்டு போவது அபூர்வம்தான். ஆனால் பெரும்பாலான மாநிலங்கள் பதில் சொல்லாத டிக்கெட் விவரத்தைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும்போது கவுண்டரில் விஷயம் வெளிவரும்.

"கோர்ட்டுக்கு நானே போனா உள்ள தூக்கி வச்சிருவாங்க."

இந்தப் பயம்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகக் கெடுதல் செய்கிறது. டெக்சாஸில் 2017-இல் திருத்திய சட்டப்படி, வராமல் போனதற்காக வாரண்ட் உள்ளவர், கைதாகும் முன்பே தானாக ஆஜராகி அதைத் தீர்க்க நேர்மையாக முயன்றால் நீதிபதி வாரண்டைத் திரும்பப் பெற வேண்டும். பல மாநிலங்களில் சிறு வழக்குகளுக்கு உங்கள் சார்பில் வக்கீல் மட்டும் ஆஜராகி வாரண்டை ரத்து செய்யக் கோரலாம். முதலில் போன் செய்து கிளார்க்கிடம் நடைமுறையைக் கேளுங்கள். பயமாக இருந்தால் அந்த ஊர் வக்கீலைக் கேட்க வையுங்கள்.

கட்டப் பணமே இல்லை என்பவருக்கும் பாதுகாப்பு உண்டு. ஹூஸ்டனில் 425 டாலர் போக்குவரத்து அபராதம் கட்ட முடியாத ஏழை ஒருவரைச் சிறையில் அடைத்தது செல்லாது என்று 1971-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வேண்டுமென்றே கட்டவில்லையா, கட்ட வழியில்லையா என்று விசாரிக்காமல் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று 1983-இல் இன்னொரு தீர்ப்பு சொன்னது. தவணை, சமூக சேவை என்று மாற்று வழிகள் இருக்கின்றன. ஆனால் வாயைத் திறந்து கேட்டால்தான் கிடைக்கும்.

"போன்ல வாரண்ட்னு சொன்னாங்க, உடனே கட்டிட்டேன்."

கிஃப்ட் கார்டிலோ கிரிப்டோவிலோ உடனே கட்டு, இல்லையென்றால் போலீஸ் வருகிறது என்று மிரட்டும் அழைப்பு மோசடி. போனை வையுங்கள். நீதிமன்றத்தின் எண்ணை நீங்களே தேடிக் கூப்பிடுங்கள்.

"டிக்கெட் விசாவை ஒண்ணும் பண்ணாது."

சாதாரண டிக்கெட் பொதுவாகப் பண்ணாது. குடியுரிமை விண்ணப்பத்தில்கூட, கைது நேராமல் 500 டாலருக்குக் குறைவான அபராதத்தோடு முடிந்த போக்குவரத்து வழக்குக்கு, மதுவோ போதைப்பொருளோ சம்பந்தப்படாதவரை, ஆவணம் இணைக்கத் தேவையில்லை. வாரண்டின் பேரில் கைதாகிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். விசா படிவம் தண்டனையை மட்டும் கேட்பதில்லை. எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா என்றும் கேட்கிறது. 2025 வசந்த காலத்தில் வெளிநாட்டு மாணவர்களின் பெயர்களை மத்திய குற்றப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, ஆயிரக்கணக்கானவர்களின் மாணவர் பதிவை ரத்து செய்தார்கள். சிறு போக்குவரத்து வழக்கும் தள்ளுபடியான வழக்கும் மட்டுமே இருந்த பலர் அதில் சிக்கினார்கள். நீதிமன்றங்களுக்குப் போன பிறகே பதிவுகள் திரும்பக் கிடைத்தன.

ஆகவே கட்டியதற்கான சான்று எது என்பதில் தெளிவாக இருங்கள். கிரெடிட் கார்டு அறிக்கையில் பணம் வாங்கித் தரும் நிறுவனத்தின் பெயரும் தொகையும்தான் இருக்கும். டிக்கெட் எண் இருக்காது. வங்கிகளும் பழைய கணக்கு விவரங்களைப் பொதுவாக ஐந்து முதல் ஏழு ஆண்டுக்கு மேல் வைத்திருப்பதில்லை. உங்களைக் காப்பாற்றுவது நீதிமன்ற கிளார்க் முத்திரையிட்டுத் தரும் தாள். வழக்கு எண், முடிந்த தேதி, பாக்கி இல்லை என்ற வரி, வாரண்ட் இருந்திருந்தால் அது ரத்தான உத்தரவு, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். வாங்கிய இரண்டு வாரத்தில் கிளார்க்கைக் கூப்பிட்டு, ரத்து உத்தரவு போலீஸ் பதிவுக்குப் போய்விட்டதா என்று கேளுங்கள். ஒரு நகல் வண்டியிலும் இருக்கட்டும்.

அப்படியும் சாலையில் பிடித்தால் வாதாடாதீர்கள். எந்த நீதிமன்றம், என்ன வழக்கு எண், ஜாமீன் தொகை எவ்வளவு என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வாரண்ட் இன்னும் நடப்பில் உள்ளதா என்று உறுதி செய்யும்படி மரியாதையாகக் கேளுங்கள். வெள்ளி இரவு என்றால் திங்கள் காலைவரை நீதிமன்ற அலுவலகத்தில் போனை எடுக்க ஆள் இருக்காது. அதனால் பழைய டிக்கெட் ஏதாவது நினைவுக்கு வருகிறதென்றால், வரும் வேலைநாளில் அந்த நீதிமன்றத்துக்குப் போன் செய்து உங்கள் பெயரில் எதுவும் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.