ரோல் யார் வாங்கியது என்று கேள்

செம்மநத்தம்,
ஏற்காடு வழி.

அன்புள்ள கண்ணு,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த கேள்வித்தாளும் வந்து சேர்ந்தன. போனில் கேட்டிருந்தால் நாலு வார்த்தையில் முடித்திருப்பேன். நீ எழுதிக் கேட்டதால் நானும் எழுதியே சொல்கிறேன்.

ஏற்காட்டு மலை ஊர்களில் முதல் கேமரா நினைவுகளைத் திரட்டப் போகிறாய். நல்ல காரியம். கேள்விகளையும் படித்துப் பார்த்தேன்: என்ன கேமரா, எந்த வருஷம், என்ன விலை, முதலில் எடுத்த படம் எது. மயிலாப்பூரில் கேட்பதற்கு இது சரி. இங்கே இப்படிக் கேட்டுக்கொண்டு போனால் எஸ்டேட் பங்களாவிலும் வாத்தியார் வீட்டிலும்தான் பதில் கிடைக்கும். மற்ற வீடுகளில் ‘எங்ககிட்ட ஏதும்மா கேமரா?’ என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஊரில் பாதிப் பேருடைய முதல் கேமரா அடுத்தவர் கையில் இருந்த கேமராதான். அவர்களை விட்டுவிட்டால் உன் சேகரிப்பு வசதி இருந்தவர்களின் கதையாகவே நின்றுவிடும்.

நம் வீட்டையே எடுத்துக்கொள். உன் தாத்தா எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தபோது வாங்கியது அக்ஃபா கிளிக் த்ரீ. அதைத்தான் உன் அம்மா பீரோவில் வைத்திருக்கிறாள். இன்று கையில் எடுத்தால் பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் என்று நினைப்பாய். கறுப்பு பிளாஸ்டிக் உடம்பு, ஒற்றை லென்ஸ். ஃபோகஸ் செய்யும் வேலையே இல்லை. ஆள் பத்தடி தள்ளி நின்றால் போதும். வெயில், மேகம் என்று படம் போட்ட ஒரு சின்ன அமைப்பு உண்டு, அதைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். பின்பக்கம் சிவப்பாக ஒரு சின்ன ஜன்னல். மேலே இருக்கும் குமிழைத் திருகிக்கொண்டே போனால் அடுத்த எண் மெல்ல நகர்ந்து வந்து அந்த ஜன்னலில் நிற்கும். ஒரு 120 ரோலுக்கு 12 சதுரப் படம். பெயர் ஜெர்மன் கம்பெனியுடையது. செய்தது பரோடாவில், நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ். அறுபது எழுபதுகளில் நாட்டில் எத்தனையோ நடுத்தர வீடுகளுக்கு முதல் கேமரா அதுதான். எண்பதுகளில் ஹாட் ஷாட், தொண்ணூறுகளில் கோடாக் கேபி 10 என்று மாறியது. அந்த வரலாறு உனக்குப் புத்தகத்திலேயே கிடைக்கும்.

புத்தகத்தில் கிடைக்காதது ரோல் கணக்கு. கேமரா ஒரு தடவைச் செலவு. ரோல் வாங்குவது, கழுவுவது, பிரிண்ட் போடுவது, இதற்காகச் சேலத்துக்கு இறங்கி ஏறும் பஸ் செலவு எல்லாம் முடியாத செலவு. இந்தக் கணக்கை நன்றாகக் கண்டுகொண்டவர் அமெரிக்காவில் கோடாக் கம்பெனி நடத்திய ஜார்ஜ் ஈஸ்ட்மன். 1900ல் பிரௌனி என்ற அட்டைப்பெட்டிக் கேமராவை ஒரு டாலருக்கு விற்றார். கேமரா மலிவாக வீட்டுக்குள் போய்விட்டால் பிலிமுக்குக் காலமெல்லாம் கடைக்கு வந்துதானே ஆக வேண்டும்! உன் தாத்தா சம்பளத்திலும் அந்த வியாபாரம் கை வைத்தது. அதனால் எங்கே போனாலும் உன் முதல் கேள்வி ‘ரோல் யார் வாங்கினாங்க?’ என்று இருக்கட்டும். பணம் போட்டவர் சொன்ன ஆள்தான் படத்தில் நின்றார். கேமரா ரைட்டருடையதாக இருக்கும், ரோல் மேஸ்திரி மகள் கல்யாணத்துக்கு மேஸ்திரி வாங்கிக் கொடுத்ததாக இருக்கும். அப்போது 12 படமும் மேஸ்திரி வீட்டுக்குத்தான். ‘கடைசி ஒண்ணு நம்ம புள்ளைக்கு எடுத்துக்கட்டுமா’ என்று தாத்தா கூச்சத்தோடு கேட்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

நம் சொந்த ரோல் என்றால் வீட்டில் மந்திராலோசனையே நடக்கும். காதுகுத்துக்கு மூன்று, வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு நாலு, ஊரிலிருந்து அத்தை வந்தால் இரண்டு என்று பங்கு பிரிப்பார்கள். மீதி இருப்பதை வைத்துக்கொண்டு ரோல் முடியக் காத்திருப்பார்கள். முடியாத ரோலைக் கழுவக் கொடுக்க யாருக்கும் மனசு வராது. காப்பிப் பழம் பறிக்கும் கார்த்திகை வரைகூட ரோல் கேமராவுக்குள்ளேயே கிடக்கும். பிறகு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்து ஸ்டுடியோவில் கொடுத்து, அடுத்த சந்தைக்குப் போகிறவரிடம் சீட்டைக் கொடுத்தனுப்பி வாங்க வேண்டும். பெரிதாக்க வசதி இல்லாதவர்கள் பிலிம் அளவுக்கே பிரிண்ட் போட்டுக்கொள்வார்கள். உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சதுரத்துக்குள் ஒன்பது பேர் நிற்பார்கள். எந்த மூக்கு யாருடையது என்று ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துச் சண்டை நடக்கும்.

இரண்டாவது கேள்வி, படத்தில் யார் இல்லை? தாத்தா எடுத்த எந்தப் படத்திலும் தாத்தா இல்லை. அது எல்லா வீட்டிலும் உள்ள கதை. பாட்டியும் இல்லை என்பதைக் கவனித்திருக்கிறாயா? விசேஷ நாளில் பாட்டி அடுப்படியில் இருந்தாள். ‘வா வா’ என்று கூப்பிடுவார்கள், ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்ப்பாள், அதற்குள் ‘கிளிக்’. களத்தில் காப்பி காயவைத்த பெண்கள் அந்தப் பக்கமே வரவில்லை. சிலரை யாரும் கூப்பிடவில்லை. சிலர் பயந்தே வரவில்லை. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்பியவர்கள் இருந்தார்கள். மூன்று பேராக நின்று எடுக்கக் கூடாது என்று இன்றைக்கும் நாலாவது ஆளைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று உன் நோட்டில் ஒரு சொல்லில் அடைத்துவிடாதே, அவர்கள் சொல்கிறபடியே எழுது. ஆயுள் முழுக்கப் படமே எடுக்காமல் செத்த பிறகு நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து எடுத்த ஒரே படத்தோடு போனவர்கள் நம் ஜில்லா முழுக்க இருக்கிறார்கள். அந்த வீட்டுக் குழந்தைகளுக்குக் கேமரா என்றால் சாவு வீட்டுக்கு வருகிற சாமான். அவர்களிடம் ‘முதல் படம் எது’ என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடாதே.

மலையில் பலருக்கு முதல் கேமராவைக் காட்டியது அரசாங்கம். 1993ல், சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது, புகைப்பட வாக்காளர் அட்டை என்று உத்தரவு வந்தது. அதற்குப் பிறகு ஊர் ஊராகப் படம் எடுக்கும் ஆட்கள் வந்தார்கள். குழி வெட்டப் போனவர்கள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றார்கள். எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை, கழுத்து வரை பூட்டிய சட்டைப் பொத்தான், சிரிப்பில்லாத முகம். அந்த அட்டைப் படத்தைத்தான் பிற்பாடு ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, சட்டையைக் கலராக்கி, சட்டம் போட்டு மாலை மாட்டியிருக்கிறார்கள். வீட்டுக்குள் போனதும் சுவரைப் பார். கண் கொஞ்சம் மிரண்டிருந்தால் அது அட்டைப் படம் என்று தெரிந்துகொள். அங்கிருந்து பேச்சைத் தொடங்கு. அதுவும் முதல் கேமரா நினைவுதான்.

அதற்கும் வெகு முன்பே கேமரா இந்தப் பக்கத்து ஆட்களைத் தேடி வந்திருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909ல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்களைப் பற்றியும் அதில் உண்டு. உழைப்புக்குக் குறையில்லை, நானே சில இடங்களை வியந்து படித்திருக்கிறேன். ஆனால் அவர் காலத்து முறை என்ன? ஆளை நிறுத்தி மூக்கையும் மண்டையையும் அளப்பது, படம் எடுப்பது, படத்தின் கீழே சாதிப் பெயரைப் போடுவது. நின்றவன் பெயர் என்ன, யார் மகன் என்பது பெரும்பாலும் இருக்காது. நீ ஒரு வீட்டில் பழைய படத்தைப் பார்த்தால் முதல் வேலையாக இடமிருந்து வலம் பெயரைக் கேட்டு எழுது. முறைப் பெயரையும் சேர்த்து எழுது. ‘பெரியப்பா’ என்று மட்டும் எழுதினால் அடுத்த தலைமுறைக்கு அது யாருடைய பெரியப்பா என்று தெரியாது.

பெயரைப் படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுது. பால்பாயின்ட் பேனா முன்பக்கம் தழும்பு போடும், மை பேனா நம் ஊர் ஈரத்தில் ஊறிவிடும். ஒட்டும் ஆல்பத்தில் சிக்கிய படத்தைப் பிய்க்காதே, மெல்லிய நூலைப் பின்னால் விட்டு மெதுவாக அறுத்துப் பார். வரவில்லையென்றால் பக்கத்தோடு ஸ்கேன் செய். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைக் கழற்றவே கூடாது. கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளி, சரியாகக் கழுவியிருந்தால் நூறு வருஷம் நிற்கும். எழுபது எண்பதுகளின் கலர் பிரிண்டில் இருப்பது சாயம், இப்போதே செம்மண் நிறத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. கலரை முதலில் ஸ்கேன் செய். நெகட்டிவ் கிடைத்தால் பிரிண்டை விட்டுவிட்டு அதைப் பிடி. நெகட்டிவ் டப்பாவைத் திறந்ததும் காடி நாற்றம் அடித்தால் பிலிம் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை மற்றவற்றோடு வைக்காதே, ஒன்றின் காற்றில் இன்னொன்றும் கெடும்.

தாத்தாவின் கேமராவை விற்கலாமா என்று கேட்டிருக்கிறாய். விற்றால் உனக்கு ஒரு நல்ல சாப்பாட்டுக் காசு வரும். வேண்டாம், வைத்துக்கொள். லென்ஸில் நூலாம்படை மாதிரி படர்ந்திருப்பது பூஞ்சை, பனி மலையில் பூட்டி வைத்த கேமராவுக்கெல்லாம் வருவது. துணியால் தேய்க்காமல் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய். பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வை. 120 ரோல் இன்றும் விற்கிறார்கள், 100 வேகமுள்ள கறுப்பு வெள்ளையாக வாங்கு. ஷட்டர் மெதுவானது, முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்து. வயசானவர்கள் கையில் அதைக் கொடுத்துப் பார். கேள்வித்தாளுக்கு வராத பேச்சு அந்தக் குமிழைத் திருகும்போது வரும்.

ஊட்டிக்கும் ஒரு நடை போய்வா. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960ல் அங்கே தொடங்கி 1967ல் உற்பத்திக்கு வந்தது. தூசியில்லாத குளிர்ந்த காற்று பிலிம் பூச ஏற்றது என்றுதான் மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். ‘இந்து’ என்ற பெயரில் பிலிமும் போட்டோ காகிதமும் எக்ஸ்ரே பிலிமும் வந்தன. கலர் பெருகப் பெருகத் தொழிற்சாலை நலிந்து, கடைசியில் மூடிவிட்டார்கள். பிலிமை இருட்டிலேயே பூசி, இருட்டிலேயே வெட்டிய தொழிலாளர்கள் இன்னும் அந்தப் பக்கம் இருப்பார்கள். கேமரா வாங்கியவர்களைத் தேடுகிற நீ அவர்களையும் தேட வேண்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஏற்காட்டுக்குச் சுற்றுலா வந்தவர்கள் இந்த மலைப் பிள்ளைகளை எத்தனையோ படம் எடுத்திருக்கிறார்கள். ‘அட்ரஸ் கொடு, அனுப்புறேன்’ என்று எழுதியும் வாங்கிக்கொண்டார்கள். ஒருவரும் அனுப்பியதில்லை. என்னுடைய முதல் படம் அப்படி ஏதோ ஒரு வீட்டு ஆல்பத்தில் யார் என்று தெரியாமல் இருக்கிறது. ஆகவே நீ யாருடைய பழைய படத்தையும் வீட்டை விட்டு வெளியே எடுத்துப் போகாதே. அங்கேயே உட்கார்ந்து ஸ்கேன் செய். யாரையாவது புதிதாகப் படம் எடுத்தால் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து கொடு. போனில் அனுப்புகிறேன் என்று சொல்லாதே, பாதிப் பேருக்கு அது பேத்தியின் போன்.

தை பிறந்து, காப்பிப் பறிப்பு முடிந்த பிறகு வா. அதற்கு முன் வந்தால் பகலில் வீட்டில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். வரும்போது சேலத்தில் கார்டு சைஸ் காகிதத்தில் பிரிண்ட் போட என்ன ஆகும் என்று இரண்டு கடையில் விசாரித்துவிட்டு வா. முதல் நூறு படத்துக்கு நான் தருகிறேன். அதற்கு மேல் உன் சம்பளத்தில் போட்டுக்கொள்.

அன்புடன்,
மாமா