சராசரியை நம்பிய மாப்பிள்ளைக்கு

கும்பகோணம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதமும் எடை நோட்டின் நகலும் கிடைத்தன. பல்லடத்தில் பிராய்லர் தாய்க்கோழி வளர்க்கும் பேரன்ட் பண்ணைக்குப் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் மேனேஜர் மேல் புகார். "பத்தாவது வாரச் சராசரி எடை சார்ட்டை ஒட்டியே இருக்கிறது, பிறகு எதற்குத் திட்டுகிறார்?" என்று கேட்கிறாய். அவர் குறைவாகத்தான் திட்டியிருக்கிறார்.

கணக்குப் பார். நூறு கோழியில் ஐம்பது 800 கிராம், ஐம்பது 1,200 கிராம். சராசரி அச்சாக ஒரு கிலோ. அந்த ஒரு கிலோவில் ஒரு கோழியாவது இருக்கிறதா? சராசரிக்கு மேலும் கீழும் பத்து சதவீதம், அதாவது 900க்கும் 1,100க்கும் நடுவே எத்தனை நிற்கிறது என்று எண்ணு. அதுதான் யூனிஃபார்மிட்டி. நூற்றுக்கு எண்பதுக்குக் குறையக்கூடாது. உன் நோட்டில் நான் எண்ணியது அறுபத்திரண்டு.

டெல்டாக்காரப் பிள்ளைக்கு இது புரியாதா? ஒரே வயலில் பாதி பழுத்தும் பாதி பால் பிடித்தும் நின்றால் அறுப்பு மிஷினை என்றைக்கு இறக்குவாய்? இருபது, இருபத்தொரு வாரத்தில் முட்டைக்குத் தூண்ட விளக்கு நேரத்தைக் கூட்டும்போதும் இதே சங்கடம். இளைத்த கோழி முட்டைக்கு வரப் பிந்தும். கனத்ததோ முந்திக்கொள்ளும், ஒரே நாளில் இரண்டு கரு விட்டு இரட்டை மஞ்சள் கரு முட்டை போடும், ஹேச்சரி அதை ஒதுக்கிவிடும். நானும் ஒரு தரம் காலண்டரை மட்டும் பார்த்து விளக்குப் போட்டு, அந்த பேட்ச் முழுக்க முட்டையில் பீக் பார்க்காமலே ஓட்டியவன்தான்.

"தீவனம் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுதானே போடுகிறேன்?" என்பாய். நீ போடுவது சரி, தின்பது யார்? இனம் வென்காப் ஆனாலும் ராஸ் ஆனாலும், ஆறு வாரத்தில் இரண்டு கிலோ தாண்டுகிற குஞ்சைப் பெறுகிற தாய்க்கும் அதே பசிதான். வயிறாரப் போட்டால் கொழுத்துவிடும், அதனால்தான் அளந்து போடுகிறோம். அளந்து போட்டால் பந்திக்கு முந்துகிறவன்தான் சாப்பிடுவான். தீவனம் மூன்று நான்கு நிமிஷத்துக்குள் ஷெட் முழுக்கச் சேரவேண்டும். வளர்ந்த கோழிக்கு ஆளுக்கு 15 சென்டிமீட்டர் ஃபீடர் இடம் வேண்டும். நாளைக் காலையில் கடிகாரத்தோடு கடைசி ஃபீடரண்டை போய் நில்.

நாலாவது வாரத்திலேயே சின்னது, நடுத்தரம், பெரியது என்று கிரேடிங் செய்து பிரித்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. இப்போதும் பிரி, ஆனால் பன்னிரண்டு வாரத்துக்குள் எலும்புக்கூடு பெரும்பாலும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஊட்டுவது சதையும் கொழுப்புமாகத்தான் சேரும். பெரியதுகளைப் பட்டினி போட்டு இளைக்க வைக்கலாம் என்று மட்டும் கணக்குப் போடாதே. தீவனத்தைக் குறைக்காமல், வாராவாரம் ஏற்றுவதை நிதானப்படுத்து.

இன்னொன்று. உன் நோட்டில் எல்லா எடையும் 50 அல்லது 00 என்றே முடிகிறது. கோழி அப்படியா வளரும், மாப்பிள்ளை? ஐம்பது ஐம்பதாகக் காட்டுகிற தராசை மாற்று. எடை போட, கைக்குச் சுலபமாக அகப்பட்ட தடியனை மட்டும் பிடிக்காதே. வலைத் தட்டியால் ஒரு மூலையை மடக்கி, உள்ளே சிக்கியதை ஒன்று விடாமல் எடை போடு. வாராவாரம் ஒரே கிழமை, ஒரே நேரம், தீவனத்துக்கு முன்னால்.

அடுத்த கடிதத்தில் சராசரியை எழுதாதே. மிக இளைத்த பத்தின் எடையையும் மிகக் கனத்த பத்தின் எடையையும் எழுது. அம்மா வெற்றிலையும் காப்பித்தூளும் கொடுத்தனுப்பியிருக்கிறாள். வெற்றிலையை மேனேஜருக்குக் கொடு.

அன்புடன்,
மாமா