தோட்டத்து வரலாறு எழுதும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

உன் கட்டுரையை வாசித்தேன். "இருநூறு வருடக் கண்ணீர்" என்று தொடங்குகிறாய். கண்ணீர் உண்மைதான். ஆனால் அழுதது யார், எந்த வருடம், எந்த டிவிசனில் என்று ஓரிடத்திலும் இல்லை. 1820களில் தமிழகத்திலிருந்து இலங்கைக்கு வந்தவர்கள் கோப்பிக்காக வந்தார்கள். அறுவடை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டது 1867இல். தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். குடும்பங்கள் இங்கேயே தங்கியதற்கு அது பெரிய காரணம். இரண்டு காலத்தையும் ஒரே கண்ணீரில் கரைத்தால் ஏன் தங்கினார்கள் என்ற கேள்வியே எழாது.

தோட்டத்தின் பழைய செக்ரோல் கிடைத்தால் ஒரே ஒரு மாதத்தை எடுத்துக்கொண்டு உட்கார். ஒரு பெண்ணுக்கு நேரே முழுப்பேர், அரைப்பேர், பிறகு நான்கு நாள் வெறும் கட்டம். சம்பளம் போட எழுதிய புத்தகம் அது. அவள் ஏன் காலைப் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, வரவில்லை என்பது அதற்கு வேண்டாத சங்கதி. காய்ச்சலா, பிள்ளைப்பேறா, சாவு வீடா? பிறப்பு இறப்புப் பதிவோடு ஒப்பிட்டுப் பார். பிறகு லயத்துக்குப் போய்க் கேள். பாட்டிமார் வருடம் சொல்லமாட்டார்கள். "சிறிமா காலத்துப் பஞ்சத்துல மூத்தவன் கைப்புள்ள" என்பார்கள். 1973, 74 என்று பிடித்துவிடலாம். பாட்டி சொன்னாள் என்பதற்காகவே ஒன்று சரியாகிவிடாது. தோட்டத்துரை எழுதினார் என்பதற்காகவே பொய்யாகியும் விடாது. இந்த இரண்டாவதுதான் நமக்குக் கசக்கும்.

முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில், வேலைநிறுத்தத்தின்போது, பொலிஸ் சுட்டு தொழிலாளி கோவிந்தன் செத்தார். விசாரணை ஆணைக்குழு அமைந்தது, வழக்கறிஞர் கொல்வின் ஆர். டி சில்வா ஆஜரானார், சாட்சியங்கள் காகிதத்தில் ஏறின. அதனால் கோவிந்தனின் பெயர் நமக்குத் தெரியும். ஆணைக்குழு எட்டிப் பார்க்காத தோட்டங்களில் அடிபட்டவர்களை யார் எழுதுவது? நீதான் எழுத வேண்டும்.

1948 பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பற்றிய நீண்ட பகுதியைக் குறைத்துவிடு. அது பல நூல்களில் இருக்கிறது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு உன் தோட்டத்தில் எந்த லயக் காம்பரா காலியானது, அதில் அடுத்து யார் குடியேறினார்கள் என்பது எந்த நூலிலும் இராது. அந்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போனவர்களில் பலர் நீலகிரியில் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறினார்கள். உன் லயத்திலேயே அவர்களுக்குச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். விலாசம் வாங்கி முதலில் ஒரு கடிதம் போடு.

அன்புடன்,
உன் அக்கா, ஹட்டன்