மரக்காணத்துக்கு எந்த நாளில் போவது?

கழுவேலி ஏரியையும் மரக்காணம் உப்பளங்களையும் பார்க்கக் குடும்பத்தோடு போகலாமா, அது கலவரப் பகுதி என்கிறார்களே என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். எந்த நாளில் போகிறீர்கள், போன இடத்தில் எப்படிப் பேசுகிறீர்கள் என்ற இரண்டில் மட்டும் கவனம் வேண்டும்.

பயத்துக்குக் காரணம் 2013 ஏப்ரல் 25. அன்று சித்ரா பௌர்ணமி. மாமல்லபுரத்தில் பாமகவும் வன்னியர் சங்கமும் நடத்திய விழாவுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வண்டி வண்டியாக ஆட்கள் போய்க்கொண்டிருந்தபோது மரக்காணத்தில் வன்னியர்களுக்கும் தலித்துகளுக்கும் இடையே மோதல் வெடித்தது. இருவர் உயிரிழந்தார்கள். தலித் குடும்பங்களின் வீடுகள் எரிந்தன. ஐந்து நாள் கழித்து பாமக நிறுவனர் ராமதாஸ் கைதானதும் வட மாவட்டங்களில் பேருந்துகள் தாக்கப்பட்டன. பயணம் போகிறவர்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: சாலையில் பெருங்கூட்டம் நகர்ந்த ஒரு நாளில் அது வெடித்தது. பறவை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் மீது அங்கே யாருக்கும் பகை இல்லை.

அதனால் முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். சித்ரா பௌர்ணமி, அம்பேத்கர் பிறந்த நாளான ஏப்ரல் 14, 1987 வன்னியர் இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் இறந்தவர்களை நினைவுகூரும் செப்டம்பர் 17, தேர்தல் பிரச்சாரத்தின் கடைசி நாட்கள் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். இந்த நாட்களில் சண்டை நடந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. ஊர்வலமும் போலீஸ் தடுப்புகளும் இருக்கும் சாலையில் குழந்தைகளோடு மணிக்கணக்கில் நிற்க வேண்டாமே என்பதற்காகச் சொல்கிறேன். 2025 மே 11-இல் மாமல்லபுரம் அருகே திருவிடந்தையில் அந்தச் சித்ரா பௌர்ணமி விழா மீண்டும் நடந்தது. ஆகவே சித்திரை மாதத்தில் செய்தியைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். தடை உத்தரவு போட்டிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மக்கள் இன்றும் அதை '144' என்றுதான் சொல்கிறார்கள். 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அது 163-ஆவது பிரிவு.

எனக்குப் பிடித்த மாதம் பிப்ரவரி. வலசைப் பறவைகள் இன்னும் ஏரியில் இருக்கும், மழை ஓய்ந்து உப்பளங்களிலும் வேலை தொடங்கியிருக்கும். தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி கழுவேலி. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எனவே ஏரிக்குள் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்பதை வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே பறவை வேட்டையும் நடந்திருக்கிறது. யாராவது கறி வேண்டுமா என்று கேட்டால் வாங்காதீர்கள்.

இனி பேச்சு. வடதமிழ்நாட்டுக் கிராமங்களில் 'ஊர்' ஒரு பக்கம், தலித்துகள் வாழும் 'காலனி' ஒரு பக்கம். "நீங்க எந்தத் தெரு?" என்று நீங்கள் சாதாரணமாகக் கேட்பது அங்கே சாதியைக் கேட்பதாகத்தான் போய்ச் சேரும். அதைக் கேட்காதீர்கள். உங்களை யாராவது கேட்டால் ஊர்ப் பெயரைச் சொல்லி, பறவை பார்க்க வந்தோம் என்று முடித்துக்கொள்ளுங்கள். 2013-ஐப் பற்றி டீக்கடையில் விசாரிக்கவே வேண்டாம். வீடு எரிந்தவர் பக்கத்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கலாம். அவருடைய துயரம் உங்கள் பயணத்துக்குச் சுவாரசியம் சேர்க்கும் கதை ஆகிவிடக் கூடாது. வாடகை வண்டி எடுத்தால் கண்ணாடியில் சாதிப் பெயரோ கட்சிக் கொடியோ ஒட்டாத வண்டியாகப் பாருங்கள். ஓட்டுநர் போடும் பாட்டையும் கவனியுங்கள். சாதிப் பெருமைப் பாட்டாக இருந்தால், "தம்பி, கொஞ்சம் நிறுத்திக்கலாமா" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

மீனவர் குப்பங்களில் வேறு வகைத் தகராறு உண்டு. அங்கே பிரச்சினை வலை. கடலை வழித்தெடுக்கும் சுருக்குமடி வலைக்கு ஆதரவாக ஓர் ஊரும் எதிராக இன்னோர் ஊரும் நிற்கும். 2021 ஆகஸ்டில் புதுச்சேரியின் வீராம்பட்டினத்தாரும் நல்லவாட்டாரும் மோதிக்கொண்டு, போலீஸ் வானத்தை நோக்கிச் சுட வேண்டியதாயிற்று. ஆகவே கரையில் கிடக்கும் வலையையும் படகையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். எந்த ஊரார் எந்த வலை வைத்திருக்கிறார்கள் என்பதற்கு உங்கள் படம் சாட்சியாகப் போய்விடும். படகில் போக ஆசை என்றால் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் ஆளோடு போங்கள். குறைந்த வாடகைக்கு ஆசைப்பட்டு அடுத்த குப்பத்திலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தால், நீங்கள் கிளம்பிய பிறகு அவர்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

உப்பளத்தில் வரப்பு மிதிபட்டால் பாத்தித் தண்ணீர் கசிந்து, பல நாள் உழைப்பு வீணாகும். கேட்டுவிட்டு இறங்குங்கள், காட்டிய வழியிலேயே நடங்கள். அதிகாலையிலேயே வேலைக்கு வந்துவிடும் பெண்களைச் சிலர் கூலிக்காரர்களாக நினைத்து 'நீ, வா' என்று பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். பொறுக்க முடியாத பழக்கம் அது. 'அம்மா', 'அக்கா' என்று அழையுங்கள்.

இருட்டுவதற்குள் பெரிய சாலைக்கு வந்துவிடுங்கள். மறியலோ கூட்டமோ தெரிந்தால் வேடிக்கை பார்க்க இறங்காமல் வண்டியைத் திருப்புங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை அடைபட்டால் மேற்கே திண்டிவனம் போகும் சாலை இருக்கிறது. ஆபத்து என்றால் 112. காதில் விழுந்த வதந்தியையோ கைப்பேசிக்கு வந்த வீடியோவையோ யாருக்கும் அனுப்பாதீர்கள். நீங்கள் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ போய்விடுவீர்கள், அந்த வீடியோ திரும்பி வந்து சேரும் இடம் அதே தெருதான்.